நாளொன்றுக்கு முப்பத்திரண்டு கிராம்

பத்தொன்பதாவது நாளும் காந்தம் ஒன்றையும் பிடிக்கவில்லை.

கிருஷ்ணராஜ் ஏணியில் ஏறி, காந்தத்தின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரல் நுனியளவு கறுப்புத் தூள் இருந்தது. அதைத் தராசில் வைத்தால் தராசு கண்டுகொள்வதே இல்லை. கீழே நின்ற ஃபெக்டரிப் பொறுப்பாளர், டீமேக்கர் செல்லையா, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டார்.

"என்னா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"ஒண்ணுமேவா?"

"துணிதான் கொஞ்சம் அழுக்காச்சு."

குருவிட்டவுக்கு மேலே எல்லேகந்தத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் கிருஷ்ணராஜ் எலெக்ட்ரீஷியன். காந்தம் வந்த கதை இதுதான். எங்கேயோ தூர தேசத்தில் ஒரு மனிதர் தேநீர் குடித்து முடிக்கையில் கோப்பையின் அடியில் ஒரு ஸ்க்ரூ கிடந்ததாம். அவர் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கம்பனிக்குச் சொந்தமான ஏழு ஃபெக்டரிகளில் அது எந்த ஃபெக்டரியின் ஸ்க்ரூ என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே கொழும்புத் தலைமை அலுவலகம் ஏழுக்கும் சேர்த்து ஒரே சுற்றறிக்கை விட்டது. முதலாம் தேதியிலிருந்து தேயிலை மின்காந்தத்துக்கு அடியில் போய்த்தான் சலிப்பறைக்குப் போக வேண்டும். எத்தனை கிராம் இரும்பு பிடிபட்டது என்று தினமும் காலையில் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும்.

காந்தம் ஓர் அரிசி மூட்டை அளவு இருந்தது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து தேயிலை வருகிற பட்டிக்கு மேலே சங்கிலியில் தொங்கியது. சுவிட்சைப் போட்டால், தேயிலைக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு துள்ளி எழுந்து அதில் ஒட்டிக்கொள்ளும். சுவிட்சை அணைத்தால், பிடித்ததையெல்லாம் அடியில் வைத்த தட்டில் கொட்டிவிடும். அது வேலை செய்கிறதா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் நாளே கிருஷ்ணராஜின் பையிலிருந்த குறடு பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது. செல்லையாவின் கைக்கடிகாரம் எட்டுப் பத்தில் நின்றுபோனது. மாமனார் வாங்கித் தந்தது என்பதால் அவர் அதை இன்னும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்.

கோளாறு காந்தத்தில் இல்லை, கிருஷ்ணராஜிடம் இருந்தது. பதினொரு வருடமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, ஃபெக்டரியிலுள்ள அத்தனை போல்ட்டையும் கையால் திருகிப் பார்க்கிற மனிதன் அவன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. திருகிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் இருக்கிற ஃபெக்டரியில் ஒரு நட்டுக்குக் கழன்று விழும் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. அவன் படிவத்தில் பத்தொன்பதாவது முறையாகப் பூச்சியம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை மறுநாள் காலை பத்து மணிவரை நீடித்தது. பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செல்லையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஏனைய ஆறு தொழிற்சாலைகளும் நாளொன்றுக்குச் சராசரியாக முப்பத்திரண்டு கிராம் இரும்பைப் பிடித்துவரும் வேளையில், தங்கள் தொழிற்சாலை தொடர்ந்து பூச்சியத்தையே அறிவித்து வருகிறது. கோளாறு காந்தத்திலா, அல்லது காந்தத்தை இயக்குபவரிடத்திலா என்பதை அறியத் தரவும். இயக்குபவரிடத்தில் எனின், வெளியிலிருந்து தகுதியான ஒருவரை நியமிக்க ஆவன செய்யப்படும்."

கடைசி வரியைக் கிருஷ்ணராஜ் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். ஒவ்வொரு ஃபெக்டரியிலும் காந்தத்துக்கென்று நிரந்தரமாக ஒருவரைப் போடுவார்கள் என்று சுற்றறிக்கையில் இருந்தது. நாட்சம்பளக்காரன் ஸ்டாஃப் ஆகிவிடுவான். ஸ்டாஃப் என்றால் வீடு. ஃபெக்டரிக்குக் கீழே அந்த வீடு பூட்டித்தான் கிடந்தது. இரண்டு அறை, சொந்தக் குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பத்தடிக் காம்பரா ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கும் அவனுடைய மனைவி அனுஷியா, வெளியில் நின்றபடியே சேலை முந்தானையால் அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து, திரைச்சீலைக்குத் துணியும் எடுத்து வைத்திருந்தாள்.

அவன் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். தரப் பிரிவில் இருந்த சுகந்தினி மிஸ் பேசினாள்.

"மிஸ், எங்க டீயில இரும்பு இல்லீங்க. அதான் புடிக்கல."

"மத்த ஆறு ஃபெக்டரியிலயும் இருக்கே."

"அத அவங்ககிட்டத்தான் மிஸ் கேக்கணும்."

"இரும்பு பிடிக்கிறவங்ககிட்ட ஏன் கேக்கணும்? பிடிக்காத உங்ககிட்டத்தான் கேக்கணும். இங்க போர்டுல படம் போட்டு வச்சிருக்கோம் மிஸ்டர் கிருஷ்ணராஜ். ஆறு தூண் நிக்குது. ஏழாவது இடம் வெறுமையா இருக்கு. டிரெக்டர் தினமும் வந்து அந்த இடத்தத்தான் பாக்கிறார்."

அவன் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். செல்லையா கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் இருபத்தெட்டு வருடம் தலைமை அலுவலகத்தோடு சண்டையில்லாமல் பிழைத்தவர்.

"தம்பி, கொஞ்சம் இரும்பு போட்டாத்தான் என்னா?"

"ஐயா, பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய் எழுதுன்னு நா சொன்னனா? பெல்ட்ல இரும்பப் போடு. காந்தம் புடிக்கட்டும். புடிச்சதத் தராசுல நிறு. நிறுத்தத எழுது. இதுல எது பொய்?"

கிருஷ்ணராஜ் யோசித்துப் பார்த்தான். எங்கே பொய் இருக்கிறது என்று அவனால் உடனே சொல்ல முடியவில்லை. அதுதான் அவனுக்குக் கேடாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த பழைய மம்பட்டி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அரத்தால் ராவத் தொடங்கினான். முப்பத்திரண்டு கிராம் தூள் என்பது கேட்பதற்குத்தான் கொஞ்சம். ஒரு மணி நேரம் ராவியும் ஏழு கிராம்தான் தேறியது. அனுஷியா சேலையைச் செருகிக்கொண்டு அரத்தை வாங்கிக்கொண்டாள். இருவரும் மாறி மாறி ராவி ஏழரை மணிக்கு முப்பத்திரண்டைத் தொட்டார்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள். பல்லைக் கடிக்கிறோம் என்றாள் அனுஷியா.

காலையில் தேயிலை வரும் முன்னே வெறும் பட்டியில் தூளைத் தூவினான். காந்தம் ஒரு பொட்டு விடாமல் எடுத்துக்கொண்டது. சுவிட்சை அணைத்துத் தட்டில் கொட்டி நிறுத்தான். முப்பத்தொன்று புள்ளி ஐந்து. உண்மையையே எழுதுகிறவன் என்பதால் முப்பத்தொன்று புள்ளி ஐந்து என்றே எழுதினான்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. மம்பட்டி மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. எட்டாம் நாள் அடுத்த கடிதம் வந்தது. முதலில் பாராட்டு. பிறகு, இந்த இரும்பு எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து இன்றே அறிவிக்கவும், ஏனைய ஆறு தொழிற்சாலைகளும் ஏற்கெனவே அறிவித்துவிட்டன.

"மம்பட்டின்னு எழுத முடியுமாங்க ஐயா?"

"வெளையாடாத. ஏதாவது ஒரு மெசின எழுது. ரோலர் மூணுன்னு எழுது. அதுதான் பழசு."

ரோலர் என்பது வாட்டிய கொழுந்தை உருட்டிப் பிழியும் இயந்திரம். ஃபெக்டரியில் நான்கு இருந்தன. மூன்றாம் இலக்க ரோலருக்குக் கிருஷ்ணராஜ் போன மாதம்தான் எல்லா நட்டையும் மாற்றியிருந்தான். அதன் மேல் அபாண்டமாகப் பழி போடுவது அவனுக்கு வருத்தமாக இருந்தது. எழுதிவிட்டு, போகும்போது அதன் இரும்பு உடம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ரோலர் மூன்றில் ஈயமுத்திரை போட்டுவிட்டுப் போனார். வெளிக் கம்பனி ஒன்று வந்து அக்கக்காகக் கழற்றிப் பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது.

இப்போது கிருஷ்ணராஜுக்கு ஒரு புதுச் சிக்கல். நாளைக் காலை படிவத்தில் என்ன எழுதுவது? பூச்சியம் வந்தால், மூன்றாம் ரோலர்தான் குற்றவாளி என்று முடிவாகி அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவார்கள். முப்பத்திரண்டே வந்தால், இயந்திரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்று இவனைத் தள்ளிவிடுவார்கள். நீண்ட யோசனைக்குப் பிறகு பாதிக்குப் பாதியாக இருக்கட்டும் என்று பதினாறு கிராம் தூவினான்.

"ரொம்ப நல்லது," என்றாள் சுகந்தினி மிஸ் போனில். "பாதி கண்டுபிடிச்சிட்டீங்க. மிச்சப் பாதி எங்கிருந்து வருது?"

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். செல்லையா அவனுக்கு எதிரே நின்று இரண்டு விரலைக் காட்டினார்.

"ரோலர் ரெண்டு மிஸ்," என்றான் கிருஷ்ணராஜ்.

அதற்கும் முத்திரை விழுந்தது. நான்கில் இரண்டு ரோலர் நின்றுபோனால் ஃபெக்டரியால் பாதிக் கொழுந்தைத்தான் அரைக்க முடியும். தோட்டத்துப் பெரிய துரை சிங்களவர். தமிழும் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் எந்த மொழியிலும் இரண்டு சொல்லுக்குமேல் பேசமாட்டார். அவர் வந்து இரண்டு ரோலரையும் பார்த்தார், கிருஷ்ணராஜைப் பார்த்தார், "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி, சரி சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்குமேல் கொழுந்து எடுக்க வேண்டாம் என்று தேயிலை மலைக்கு உத்தரவு போயிற்று. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அன்றிலிருந்து அரைப்பேர்தான் விழுந்தது. அரை நாள் சம்பளம்.

விஷயம் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தெரிந்தது. அனுஷியா குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். முன்பெல்லாம் இடம் விட்டுக் கொடுப்பவர்கள் இப்போது வரிசையைக் காட்டினார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, மலையில் வாயாடி என்று பெயரெடுத்த புஷ்பம்தான் நேரே கேட்டாள்.

"ஏங் அனுஷியா, ஓம் புருசன் ஊட்டுக்காக எங்க பேர வெட்டுறானாம்ல?"

"அவரு வெட்டலக்கா. கொழும்புல ஒரு மிஸ் இருக்கு. அதுக்குத் தெனமும் இரும்பு காட்டணுமாம். காட்டலேன்னா இவருக்கு வேல இல்லியாம்."

"இரும்பா?"

"இரும்புதான். வார வியாழக்கெழம அந்த மிஸ்ஸே வருது, கண்ணால பாக்க."

புஷ்பம் நிரம்பிய குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள்.

வியாழக்கிழமை காலை கிருஷ்ணராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். இனி ஒரு பொட்டு இரும்பும் தூவுவதில்லை. இரண்டு ரோலரும் நின்றுவிட்டன. மிஸ் கண் முன்னால் காந்தம் பூச்சியம் காட்டட்டும். நோய் தீர்ந்தது, ரோலர்களைச் சும்மா துடைத்துவிட்டு ஓட விடுங்கள் என்று சொல்லிவிடலாம். முதன்முறையாக அவன் உண்மையைத் திட்டமிட்டான். பழக்கமில்லாததால் அதை யாரிடமும் சொல்லவில்லை, அனுஷியாவிடம்கூட.

சுகந்தினி மிஸ் பகல் இரண்டு மணிக்கு வந்தாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, கையில் ஒரு கிளிப் போர்டு. துரையும் செல்லையாவும் இருபுறமும் நிற்க, கிருஷ்ணராஜ் சுவிட்சைப் போட்டான். காந்தம் உறுமியது. கிளிப் போர்டு அவள் கையை விட்டுப் பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது.

"பரவாயில்ல," என்றாள் மிஸ். "அத எடையில கழிச்சிடுங்க."

தேயிலை வரத் தொடங்கியது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. கிருஷ்ணராஜின் மூச்சு சீரானது. ஆறாவது நிமிடம் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொண்டை ஊசி ஒன்று காந்தத்தில் நின்றது.

அவன் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. பிறகு ஊக்குகள், ஒன்றில் ஒன்று கோத்தபடி ஏழெட்டு. பிறகு சைக்கிள் செயின் துண்டு. குடைக் கம்பி. திறப்பில்லாத பூட்டு. கதவுக் கீல் ஒன்று, ஆணியோடு.

பட்டியின் அந்தக் கோடியில், உலர்த்தும் இயந்திரத்தை மறைத்துத் தொங்கிய சாக்குத் திரை லேசாக அசைந்தது. பன்னிரண்டு மணிக்கே மலையிலிருந்து இறங்கிவிட்ட பெண்கள் அதற்குப் பின்னால்தான் இருந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி சேர்ப்பது போலக் காந்தத்துக்கும் சேர்த்திருந்தார்கள். எந்த வீடும் விலக்கில்லை.

கடைசியாக டங் என்று பெரிய சத்தத்தோடு ஒரு நீண்ட பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

சுவிட்சை அணைத்ததும் எல்லாம் தட்டில் கொட்டியது. சுகந்தினி மிஸ் தன் போர்டை எடுத்துக்கொண்டு, கையுறை போட்டு, அந்த நீண்ட பொருளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"தோசக் கரண்டி மாதிரி இருக்குங்க," என்றார் செல்லையா. பதற்றத்தில் இருபத்தெட்டு வருட அனுபவமும் அவரைக் கைவிட்டது.

"ரோலருக்குள்ள இருக்கிற பார்ட் மிஸ்," என்றான் கிருஷ்ணராஜ் அவசரமாக. "கொழுந்தப் பெரட்டி விடுறது."

"பேர் வெட்டியிருக்கே." அவள் கண்ணாடியை உயர்த்தினாள். "புஷ்பம்."

கல்யாண வீட்டுக்கு இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே என்று கரண்டியில் பேர் வெட்டி வைப்பதைக் கொழும்பு மிஸ்ஸுக்கு எப்படி விளக்குவது? செல்லையா தான் கெடுத்ததைத் தானே சரி செய்ய முன்வந்தார்.

"ரோலரோட பேருங்க மிஸ். இங்க மெசினுக்கெல்லாம் பேரு வச்சுத்தான் கூப்புடுவோம்."

"எந்த ரோலர்?"

"ஒண்ணாம் நம்பர்."

அவள் எழுதிக்கொண்டாள். "நல்ல பழக்கம். அப்போ இப்ப புஷ்பம்தான் பிரச்சினை. புஷ்பத்த இன்னைக்கே நிறுத்திடுங்க."

சாக்குக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். துரை "ஹரி, ஹரி" என்றார். இந்த முறை அது முன்னதைவிட மெதுவாக வந்தது.

நிறுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ அறுநூற்று நாற்பது கிராம் இருந்தது. போர்டு சேர்க்காமல். சுகந்தினி மிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு, வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள்.

"மிஸ்டர் கிருஷ்ணராஜ், ஏழு ஃபெக்டரியிலயும் இப்படி ஒருத்தரும் பிடிச்சதில்ல. மத்தவங்க ஐம்பது கிராம்கூடத் தாண்டல. உங்க பேரத்தான் நான் நிரந்தரத்துக்குப் போடப்போறேன்."

சொன்னபடியே போட்டாள். சனிக்கிழமை நியமனக் கடிதமும், பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் திறப்பும் வந்தன. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது. நான்கில் மூன்று ரோலர் பழுது என்பதால் எல்லேகந்த ஃபெக்டரி ஒரு மாதம் மூடப்படும். அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் கொழுந்து எடுத்து வேறு ஃபெக்டரிக்கு அனுப்பப்படும்.

கிருஷ்ணராஜ் திறப்பை மேசைமேல் வைத்தான். அனுஷியா அதைத் தொடவில்லை. அரைப்பேர் போய் இப்போது வாரத்துக்கு இரண்டே நாள் பேர். முழு லயமும் தன் வீட்டுக் கொண்டை ஊசியைக் கொடுத்து இவனைக் காப்பாற்றியது. அந்த லயத்தின் அடுப்பைத்தான் இவன் அணைத்திருக்கிறான். அன்று சாயங்காலம் பீலியடியில் யாரும் அனுஷியாவைத் திட்டவில்லை. புஷ்பம் மட்டும், "கரண்டி திரும்பி வருமா?" என்று கேட்டிருக்கிறாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அந்த வீட்டுக் கொழாயில நா எப்பிடிங்க தண்ணி புடிக்கிறது?" என்றாள் அனுஷியா. "தொறந்தா சத்தம் லயத்துக்குக் கேக்கும்."

"போக வேணாம்."

"அப்பறம்?"

"திங்கக்கெழம கொழும்புக்குப் போறேன். டிரெக்டரப் பாத்து எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

"வேல போயிடுமே."

"போவட்டும். ரோலருக மூணும் நல்லாருக்குன்னு அந்தாளுக்கு நா சொல்லாம வேற யாரு சொல்றது? அதுகள நாந்தான பாக்குறேன்."

அவள் திரைச்சீலைத் துணியை எடுத்து மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தாள். பிறகு அவனுடைய நல்ல சட்டையைத் தேய்க்க எடுத்தாள். அவனுக்கு அவள்மேல் சொல்ல முடியாத மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கடிதம் எழுதினான். மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் சரியாக வந்தது. மம்பட்டியையும் மறைக்கவில்லை, தோசைக் கரண்டியையும் மறைக்கவில்லை. செல்லையாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். கடைசிப் பந்தியை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. "ஐயா, மற்ற ஆறு தொழிற்சாலைகளிலும் உள்ளவர்கள் காந்தம் பிடித்ததை உள்ளபடி எழுதி அனுப்பிக்கொண்டிருக்கையில், நான் ஒருவன் மட்டுமே பொய்யனாகிப் போனேன். அவர்களுடைய நேர்மையின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறேன். என்னை விலக்கிவிட்டு ரோலர்களை ஓட விடுங்கள்."

திங்கட்கிழமை காலை குருவிட்ட பஸ் நிறுத்தத்தில் நின்றான். தேய்த்த சட்டை, பையில் கடிதம், கைக்குட்டையில் சுற்றிய தோசைக் கரண்டி. கரண்டியைச் சாட்சிக்காக எடுத்து வந்திருந்தான். காட்டி முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து தரவேண்டும் என்று புஷ்பம் சொல்லியனுப்பியிருந்தாள்.

கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லொறி வந்து நின்றது. பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. பாரத்தில் டயர்கள் அமுங்கியிருந்தன. டிரைவர் தலையை வெளியே நீட்டி முதலில் சிங்களத்தில் எதையோ கேட்டார். பிறகு கிருஷ்ணராஜின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, இந்தக் கம்பனிட நாலாம் நம்பர் ஃபெக்டரிக்கு எந்த ரோட்டால போறது? காலையில ஈந்து சுத்துறன்." ஒரு தாளை நீட்டினார். மாவனல்லை அப்துல் ரஸாக் என்று லொறிக் கதவில் எழுதியிருந்தது.

தாளின் தலையில் கம்பனியின் பெயரைப் பார்த்ததும் கிருஷ்ணராஜ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாலாம் நம்பர். நாளொன்றுக்கு நாற்பத்தொரு கிராம் பிடிக்கிறவர்கள். நேர்மையானவர்கள்.

"பாலத்தத் தாண்டி ரெண்டாவது வளைவுல மேல ஏறுங்க ரஸாக் நானா. ஆனா கவனம், இவ்வளவு பாரத்தோட அந்த ஏத்தம் கஷ்டம். அங்க நல்ல ஆளுக இருக்காங்க, கீழ வந்து எறக்கிக் குடுப்பாங்க. நானும் அந்தக் கம்பனிதான்."

"அல்லாட காவல், சரியான ஆளத்தான் கேட்டீக்கிறன். அப்ப மத்த அஞ்சு ஃபெக்டரிக்கும் வழிய சொல்லிட்டே போங்க."

"ஆறு ஃபெக்டரிக்குமா? அப்பிடி என்னா சாமான்?"

அப்துல் ரஸாக் கையால் பின்பக்கத் தார்ப்பாயைக் காட்டினார்.

"காந்தம் தம்பி. ஒங்கட கம்பனிக்கு ஏழு வாங்கினதாம், ஒண்டு மட்டும் முந்தி வந்திட்டாம். மத்த ஆறும் ரெண்டு மாசமா துறைமுகத்துல கெடந்து நேத்துத்தான் வெளிய வந்திச்சு."